கருமாதி முடிந்ததும் ஒரு கணக்கு நோட்டு போடுங்கள்

சொத்துத் தகராறு என்றாலே யாருக்கு எவ்வளவு பங்கு என்றுதான் பேசுகிறோம். கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அலையும் உறவுக்காரர்களைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா இறந்ததற்கும் பாகம் பிரிப்பதற்கும் நடுவில் சொத்தைப் பார்த்துக்கொண்டவர் கணக்குக் காட்டாததுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் உறவில் ஒரு வீடு. இறந்துபோன அப்பா சுயமாக வாங்கிய முந்திரித் தோப்பு, உயில் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. (அவரைப் பெற்ற அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது.) பங்கில் ஒருவருக்கும் மறுப்பில்லை. "அம்மா இருக்கற வரைக்கும் பிரிக்க வேணாம்" என்று கருமாதியன்று பெரியவர்கள் சொன்னார்கள், எல்லோரும் சரி என்றார்கள். ஊரில் இருக்கும் மூத்தவர் தோப்பைப் பார்த்துக்கொள்வார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அடுத்த சீசனில் தோப்பைக் குத்தகைக்கு விட்டார். வந்த பணம் ஆஸ்பத்திரிக் கடன், காரியச் செலவு, மருந்தடித்த கூலி என்று போனது. போயிருக்கும், நான் நம்புகிறேன். ஆனால் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பிறகொரு நாள் தங்கை போனில் கேட்டார்: "குத்தகை எவ்ளோண்ணா வந்துச்சு?" அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்கிட்டயே கணக்குக் கேக்கறியா?" அப்புறம் வக்கீல் நோட்டீஸ், பாகப்பிரிவினை வழக்கு.

வழக்கில் சான்றாவணமாகப் போனது அப்பாவின் பழைய டைரி. எத்தனை மூட்டை, என்ன விலை, கொட்டை பொறுக்கிய கூலி எவ்வளவு என்று வருடா வருடம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார் மனுஷன். அதை வைத்துத்தான் தோப்பு வருமானம் இவ்வளவு என்று தங்கையின் வக்கீல் வாதாடுகிறார். அண்ணன் செய்த செலவுக்குக் காட்ட ரசீது இல்லை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317ஆம் பிரிவுப்படி, புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியவரோ நீதிமன்றம் நியமித்த நிர்வாகியோ 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் 1 வருடத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். நம் பக்கம் யார் அதுவரை போகிறார்கள்? நான் பார்த்த வீடுகளில் உயிலே அபூர்வம். ஆக, வழக்கு வரும்வரை கேட்பாரில்லை.

நாமினி கதையும் இதுதான். வங்கிப் பணத்துக்கு நாமினி என்றால் வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்புதானே தவிர சொந்தம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் 2023இல் அதையே சொன்னது. வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சட்டமே கொஞ்சம் மாறும். புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற பரம்பரையினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. சட்டம் மாறினாலும் சண்டை மாறவில்லை. வாடகையை வாங்கிய அண்ணன், வாயை மூடிக்கொண்ட அண்ணன், அங்கேயும் இருக்கிறார்.

"கூடப்பிறந்தவன்கிட்ட கணக்கா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நான் மூத்தவருக்காகவும்தான் சொல்கிறேன். வெயிலில் நின்று தோப்பைக் காத்தவர் அவர். அந்த உழைப்புக்கு ஒரு கூலி போட்டு நோட்டில் எழுதட்டும், வருடம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். தங்கை அதற்கும் சண்டை போடலாம். போட்டால், எந்தத் தொகைக்கு என்றாவது இருவருக்கும் தெரியும்.