அந்த ஸ்க்ரூவைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டீர்கள்

என்னுடையது ஹெட்லெஸ் கிட்டார், ஸ்ருதி சேர்க்கும் ட்யூனர் உட்காரும் தலைப்பகுதியே இல்லாதது. அதில் கம்பியைப் பிடித்துப் பூட்டும் ஒரு லாக்கின் ஸ்க்ரூ தேய்ந்துபோய், புது ஸ்க்ரூ கேட்டுக் கம்பெனிக்கு எழுதியிருந்தேன், இன்று காலை பதில் வந்துவிட்டது. ஸ்க்ரூ தனியாகக் கிடைக்காதாம். கழுத்தின் மேல்முனையில், கம்பி படிகிற நட் பட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெட்பீஸை முழுசாகத்தான் வாங்க வேண்டுமாம், ஆறு லாக்கும் சேர்த்து. அதுவும் இப்போது கையிருப்பில் இல்லையாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். கடைசியில் ஒரு வரி வேறு: அடுத்த முறை அளவாக இறுக்கவும்.

அளவாக! எந்த அளவு? அந்தக் கையேட்டை நேற்று ராத்திரி மறுபடியும் அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். கிட்டார் உடம்பின் மேலே ஒட்டியிருக்கும் மரத்தைப் பற்றி முழுசாக ஒரு பக்கம் இருக்கிறது. துடைக்க எந்தத் துணி, எந்த எண்ணெய், வெயிலில் வைக்கலாமா கூடாதா, எல்லாம் இருக்கிறது. லாக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு எண், ஒரு அரை வரி, எங்கேயும் இல்லை. இல்லாத அளவை நான் மீறிவிட்டேனாம்.

ஹெட்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு முதல் வரியிலேயே வயிற்றைப் பிசைந்திருக்கும், எதைச் சொல்கிறேன் என்று.

சனிக்கிழமை. மேடை ஏற ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. சவுண்ட் செக்கில் முதல் கம்பி அறுந்தது, 0.010 அங்குலக் கம்பி. கம்பி அறுவதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆள் இல்லை, அறுந்துபோகத்தானே செய்யும். மாற்றுவது ஐந்து நிமிட வேலை. லாக்கைத் தளர்த்தி, உள்ளே மாட்டியிருக்கும் மிச்சத் துண்டை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியின் நுனியில் இருக்கும் உருண்டையைக் கீழே உடம்பில் இருக்கும் பிரிட்ஜ் பக்கம் பொருத்தி, மறுமுனையை லாக்குக்குள் விட்டு, கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். மீதிக் கம்பியை வெட்டிவிட்டால் முடிந்தது.

கிட்டாரோடு பெட்டியில் வந்த அதே ஆலன் கீயை, ஆறு மூலைக் கீயை, எடுத்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்புறம் ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்டார்கள். வேறு கீ இல்லை, அவர்களே கொடுத்த கீ. குழிக்குள் விட்டுத் திருப்பினேன். கீ திரும்பியது. ஸ்க்ரூ திரும்பவில்லை. கீயை வெளியே எடுத்து, துடைத்து, ஆழமாக உள்ளே அழுத்திக்கொண்டு இன்னொரு முறை மெதுவாகத் திருப்பினேன். வழுக்கியது. வெண்ணெயில் கரண்டி திரும்புகிற மாதிரி அவ்வளவு சுலபமாக வழுக்கியது. கீபோர்டு வாசிக்கும் தோழி டார்ச் அடித்துக் காட்டினாள். ஆறு மூலையாக இருக்க வேண்டிய குழி வட்டமாகக் கிடக்கிறது.

சரி, பதற்றப்படக் கூடாது என்று ரப்பர் பேண்டை மடித்துக் குழிமேல் வைத்து, அதன் மேல் கீயை அழுத்தித் திருப்பினேன். பலரும் சொல்கிற வைத்தியம். ரப்பர் பேண்டில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். டிரம்ஸ் நண்பன் அவன் கருவிப் பையிலிருந்து ஒரு டார்க்ஸ் பிட்டை எடுத்துவந்தான், நட்சத்திர வடிவில் இருக்குமே அது. குழியைவிட ஒரு மயிரிழை பெரிய பிட்டாகப் பார்த்துத் தட்டி இறக்கினால் பல் பிடித்துக்கொள்ளும், திருப்பி எடுத்துவிடலாம் என்றான். சரியான யோசனைதான். ஆனால் எங்கே தட்டுவது? லாக்குக்குக் கீழே இருப்பது கிட்டாரின் கழுத்து. சுத்தியலால் தட்டுகிற இடமா அது? என் நெஞ்சில் தட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு தட்டு தட்டிவிட்டு இரண்டு பேருமே நிறுத்திவிட்டோம். பிட் உள்ளே இறங்கவில்லை, லாக்கின் விளிம்பில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. அப்புறம் இடுக்கி. இடுக்கிக்கு அங்கே பிடிக்க எதுவுமே இல்லை, ஸ்க்ரூ முழுவதும் உள்ளே புதைந்து கிடக்கிறது, தலையும் கிடையாது. துளை போட்டு எடுக்கலாம் என்றார் ஒலிப்பதிவுக்காரர். மேடைக்குப் பின்னால், அரை இருட்டில், 3,000 டாலர் கிட்டாரில் துளை!

ஒரு மணி நேரம் போனது. கம்பி மாட்டவில்லை. ஐந்து கம்பியோடு அதைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு, இன்னொரு குழுவின் கிட்டாரைக் கேட்டு வாங்கி வாசித்தேன். நல்ல மனிதர், கேட்ட உடனே கழற்றிக் கொடுத்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு கிலோவுக்கு மேல் கனம். கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்கிறது, இடது கை பாதி நேரம் அதைத் தூக்கிப் பிடிக்கவே செலவாகிறது. ஐந்து வருடமாக இரண்டேகால் கிலோவில், உட்கார்ந்தாலும் நின்றாலும் அசையாமல் மடியில் கிடக்கிற கிட்டாரை வாசித்துப் பழகிய தோளுக்கு அது எப்படி இருக்கும் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். கம்பியை வளைத்து பெண்ட் பிடித்து விட்டால் ஸ்ருதி போகிறது, நட்டில் கம்பி சிக்குகிறது. தலை இல்லாத கிட்டாரில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, நட்டுக்கு அந்தப் பக்கம் நீளமாகக் கம்பி கிடந்து உராய்வதே இல்லையே. இதற்காகத்தானே இதற்கு வந்தோம்? விசித்திரமாக இருக்க வேண்டும் என்றா வந்தோம்?

எனக்கு இந்த வடிவத்தின்மேல் உண்மையான மரியாதை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எரிகிறது. வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் எல்2 என்ற ஹெட்லெஸ் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தபோது தலையை மட்டும் வெட்டி எறியவில்லை, முழுவதையும் முதலிலிருந்து யோசித்தார். கார்பன் இழைக் கலவையில் உடம்பு, ட்யூனர் எல்லாம் பிரிட்ஜ் பக்கம். முக்கியமாகக் கம்பி: இரண்டு முனையிலும் உருண்டை. ஒரு உருண்டையை மேலே செருகு, இன்னொன்றைக் கீழே மாட்டு, ட்யூனரைத் திருப்பு. ஸ்க்ரூ இல்லை, கீ இல்லை, வெட்டுகிற வேலையும் இல்லை. இருட்டில்கூட மாற்றலாம். கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் 1980களில் ஸ்டைன்பெர்கர் கிட்டாரைத்தான் கையில் வைத்திருந்தார், பிற்காலத்தில் கார்வின் கம்பெனி அவர் பெயரிலேயே ஹெட்லெஸ் மாடல் போட்டது.

இரட்டை உருண்டைக் கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூட, அதனால் சாதாரணக் கம்பி மாட்டுகிற மாதிரி லாக் வந்தது. ஒப்புக்கொள்கிறேன். நல்ல காரணம்தான். ஆனால் அந்த மாற்றத்தோடு கிட்டாரின் உயிர் ஆறு குட்டி ஸ்க்ரூவின் கையில் போய்விட்டதே, அதை யாராவது யோசித்தீர்களா? ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் அதே ஸ்க்ரூ. கம்பியைச் சரியாக இழுத்துப் பிடிக்காமல் பூட்டிவிட்டால் பிரிட்ஜில் ட்யூனர் ஓடுகிற தூரம் தீர்ந்துபோகும், ஸ்ருதி மேலே ஏறாது, மறுபடியும் தளர்த்தி, இழுத்து, இறுக்க வேண்டும். ஒரு கம்பிக்கு இரண்டு மூன்று முறை. மாதம் ஒரு தடவை மாற்றினாலும் ஐந்து வருடத்தில் எத்தனை திருப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லேசாக இறுக்கினால் மெல்லிய கம்பி நழுவும். பலமாக இறுக்கினால் குழி தேயும். நடுவில் இருக்கிற அந்த அளவைத்தான் கையேட்டில் போடவில்லை.

ஹெட்லெஸ் வாசிக்கிற நம்மாட்களிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வழி கேட்டேன். முதல் கேள்வி: அங்குல அளவுக் கீயைப் போட்டாயா? 3/32 அங்குலக் கீ 2.38 மில்லிமீட்டர்தான், 2.5 குழியில் போட்டால் ஆடும், மூலையைத் தின்றுவிடும், எனக்கும் தெரியும். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து காட்டினேன், சரியான 2.5. இரண்டாவது கேள்வி: ரொம்ப இறுக்கினாயா? மூன்றாவது ஆள் கேள்வியே கேட்கவில்லை. மேலே இருக்கிற மரம் ஃப்ளேம் மேப்பிளா பர்ல் பாப்ளரா என்றார். அவ்வளவுதான், போனது பேச்சு. எந்தப் பர்லில் எத்தனை கண் இருக்க வேண்டும், ரோஸ்டட் மேப்பிள் கழுத்து எவ்வளவு கருத்திருந்தால் அழகு, ஸ்ட்ராண்ட்பெர்க் கம்பெனியின் எண்டூர்நெக் என்ற கழுத்தை முகம் முகமாகச் செதுக்கியிருப்பது கட்டைவிரலுக்கு நல்லதா கெட்டதா, 2021இல் ஐபனேஸ் க்யூ வரிசையைப் போட்டதும் மற்றவர்கள் விலையைக் குறைத்திருக்க வேண்டாமா, கீஸலில் எந்த வண்ணம் கேட்டால் எவ்வளவு கூடும். ஒன்றரை மணி நேரம்! என் கிட்டார் ஐந்து கம்பியோடு அதே அறையில் கிடக்கிறது.

நானும் மரத்தைப் பார்த்து மயங்கியவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரம் கம்பியைப் பிடிக்கிறதா? நீங்கள் விலை பேசுகிற ஒவ்வொரு கிட்டாரிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது ஏதோ ஒரு ஸ்க்ரூ. அது எந்த உலோகம் என்று உங்களில் ஒருவருக்குத் தெரியுமா? ஸ்டெயின்லெஸ் என்றால் வியர்வைக்குத் துருப்பிடிக்காது, ஆனால் மென்மை, சீக்கிரம் தேயும். கடினப்படுத்திய கறுப்பு எஃகு என்றால் மூலை நிற்கும், துரு ஏறும். எதைப் போட்டாலும் ஒரு குறை உண்டு, அதனால்தான் இதைத் தேய்கிற பொருள் என்று ஒப்புக்கொண்டு, பெட்டியில் ஆறு ஸ்க்ரூ கூடுதலாகப் போட வேண்டும். ஆறுகூட வேண்டாம், இரண்டு போடு! ஒரு சின்னப் பையில், கீயோடு. எம்5, அதாவது ஐந்து மில்லிமீட்டர் ஸ்க்ரூ, எந்த இரும்புச் சாமான் கடையிலும் கைநிறைய அள்ளித் தருவார்கள், விலை என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடை ஸ்க்ரூவைப் போடலாம் என்றால், இவர்கள் நுனியை வேறு மாதிரி கடைந்திருக்கிறார்கள். கடை ஸ்க்ரூவின் விளிம்பு கம்பியைக் கடித்து அறுக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டேன், ஆமாம், பக்கத்து லாக்கில் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது கம்பி பத்து நிமிடத்தில் போய்விட்டது.

பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? சான்றிதழ். தடித்த காகிதத்தில், வரிசை எண் போட்டு, கையெழுத்துப் போட்டு. கிட்டார் அசல்தான் என்று. அசல்தான், தெரியும், நான்தானே பணம் கட்டினேன். அந்தக் காகிதத்துக்கு ஆன செலவில் நூறு ஸ்க்ரூ வந்திருக்கும்.

சரி. நாளைக்கு ஒரு கடைசல் பட்டறைக்குக் கொண்டு போகிறேன். இடதுபக்கம் சுற்றுகிற துளைக்கருவி வைத்திருக்கிறார்களாம், எடுத்துவிட்டு அதே நுனியோடு ஒரு டஜன் கடைந்து தருகிறேன் என்று அங்கே இருப்பவர் சொல்லியிருக்கிறார். போனில் பேசியபோதே அவர் கேட்ட முதல் கேள்வி, ஸ்க்ரூ என்ன உலோகம். இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் மனிதர், கிட்டாரே வாசிக்காதவர்.

அப்புறம் இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். அந்தச் சனிக்கிழமை அவசரத்தில் ஆலன் கீயை வைக்க இடம் தேடி ஆம்ப் பக்கம் திரும்பினால், ஆம்ப் மேல் ததும்பத் ததும்ப ஒரு தண்ணீர்க் கோப்பை. வால்வ் ஆம்ப்! உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, சூடு போவதற்காக மேலேயே சல்லடை போட்டிருக்கிறார்கள், அந்தச் சல்லடைக்கு நேர் மேலே கோப்பை. ஒரு தட்டு தட்டினால் போதும். அது மேசையா? மேடைக்குப் பின்னால் தரை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஜன்னல் திட்டு இருக்கிறது, ஊர்ப்பட்ட இடம் இருக்கிறது, ஆம்ப் தலைதான் கிடைத்ததா? நாலு பேரைக் கேட்டேன், நாலு பேரும் நான் இல்லை என்கிறார்கள். வைத்தது யார்?