ஆஃப்சைடு விதி மாறிவிட்டதா?

“ஆஃப்சைடு விதி மாறிவிட்டது, தாக்கும் வீரரின் உடலில் ஏதேனும் ஒரு பகுதி தடுப்பாளருக்கு இணையாக இருந்தால் போதும், இனி மில்லிமீட்டர் தகராறே இராது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. அது ஃபிஃபாவின் உலகக் கால்பந்து மேம்பாட்டுத் தலைவர் ஆர்சன் வெங்கர் முன்வைத்த யோசனை. சோதனை அளவில் பேசப்படுவதை நடைமுறை விதியாகச் சொல்லிவிட்டார்கள். விதியைத் திருத்தும் அதிகாரம், கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்புக்கே உண்டு. அங்குள்ள 8 வாக்குகளில் ஃபிஃபாவுக்கு 4 மட்டுமே. திருத்தத்துக்கு 6 வேண்டும்.

இப்போது நடைமுறையில் உள்ள ஆஃப்சைடு விதியான விதி 11-இன்படி, எதிரணியின் பாதியில் நிற்கும் வீரரின் தலை, உடல், கால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டியிருந்தால் அது ஆஃப்சைடு நிலை; கைகள் கணக்கில் சேரா.

தகராறு ஒழியும் என்பதும் சரியல்ல. இன்று தாக்கும் வீரரின் காலணி நுனியில் வரையப்படும் கோடு, வெங்கரின் யோசனை நடைமுறைக்கு வந்தால் அவரது குதிகாலில் வரையப்படும், அவ்வளவே. அளப்பதென்னவோ அதே மில்லிமீட்டர்தான்.

இந்த மாற்றத்தால் கோல்கள் பெருகும் என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. 1925-இல், ஆஃப்சைடு ஆகாமலிருக்கத் தாக்கும் வீரருக்கு முன்னால் இருக்கவேண்டிய எதிரணியினரின் எண்ணிக்கை 3-இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கோல்கள் ஒரே பருவத்தில் 1,192-இலிருந்து 1,703 ஆக உயர்ந்தன. ஆனால் அதற்கு ஈடுகொடுக்க, ஹெர்பர்ட் சாப்மன் நிர்வகித்த ஆர்சனல் அணி நடுக்கள வீரர் ஒருவரைத் தடுப்பு வரிசைக்கு இறக்கியது. மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின. வெங்கரின் யோசனை ஏற்கப்பட்டாலும், தடுப்பாளர்கள் தம் கோலை நோக்கி இன்னும் பின்வாங்கி நிற்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.