காத்தில்லாத ரேஸ் லாட்டரியாம்!

ஞாயித்துக்கிழமை நடந்த பாய்மரப் படகுப் போட்டியோட மூணாவது ரேஸைப் பத்தி ஒரு பதிவு சுத்திக்கிட்டு இருக்கு. யார் எழுதினதுன்னு நான் சொல்லத் தேவையில்லை, உங்கள்ல பாதிப் பேர் அதுக்கு ஹார்ட் போட்டிருக்கீங்க. "காத்தில்லாத நாள்ல யார் வேணா ஜெயிக்கலாம், அது ரேஸ் இல்லை, லாட்டரி"ன்னு எழுதியிருக்கார் அண்ணன். ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு முடியலை.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. மெல்லிசா காத்தடிக்கிற நாள்ல ஓடுற ரேஸ் லாட்டரி இல்லை. அன்னிக்குத்தான் யாருக்குப் படகு ஓட்டத் தெரியும்னு தெரியும்.

பதினஞ்சு நாட் (காத்தோட வேகத்தை அளக்கிற அலகு) காத்துல நீங்க தப்புப் பண்ணாலும் காத்து உங்களை இழுத்துக்கிட்டுப் போயிடும். மூணு நாட்ல அந்தச் சலுகை கிடையாது. சுக்கானை ரெண்டு விரல் கூடுதலா திருப்புங்க, ஓட்டம் செத்துடும். திரும்ப ஓட்டம் பிடிக்கிறதுக்குள்ள நாலு படகு தாண்டிப் போயிருக்கும். உடம்பை முன்னாடி நகர்த்தி, படகோட பின்பக்கத்தைத் தண்ணிய விட்டுத் தூக்கி வெக்கணும். காத்து போற பக்கமா லேசா சாய்ச்சு வெச்சாத்தான் பாய் தன் கனத்துலயே வளைஞ்சு நிக்கும். அதுக்கப்புறம் அசையக் கூடாது. மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

எங்க படகுல அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மச்சான் தொடையில உக்காந்த ஒரு ஈயை அடிச்சார். பளார்னு. எண்பத்தஞ்சு கிலோ மனுஷன். படகு குலுங்கி, பாய்ல இருந்த கொஞ்சநஞ்சக் காத்தும் கொட்டிப்போச்சு. சிரிக்காதீங்க, நான் தோத்தது ஒரு முழத்துல.

ஆமா, தோத்தது நான்தான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அந்த ரேஸ்ல ரெண்டாவது வந்தது நான். "ஜெயிச்சவங்களைத் தூக்கிப் பேசினா உன் தோல்வி சின்னதாத் தெரியும்னு பாக்கறியா?"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார். அப்படியே வெச்சுக்கோங்க. அது லாட்டரின்னு நான் சொல்லியிருந்தா என் தோல்வி இன்னும் சின்னதாத் தெரிஞ்சிருக்குமே, அது ஏன் உங்களுக்குத் தோணலை?

நடந்தது இதுதான். கச்சான், அதான் மேக்கால இருந்து வர்ற காத்து, காலையிலயே செத்துப்போச்சு. கிழக்கால இருந்து வர்ற கொண்டல் இன்னும் ஏறலை. நடுவுல அந்த மந்த நேரம், கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கும், தெக்கால இருந்து ஏதோ பெருமூச்சு மாதிரி ஒண்ணு வரும். கடைசி மார்க்கை (சுத்தி வர வேண்டிய மிதவை) சுத்தும்போது நாங்க ரெண்டு படகு நீளம் முன்னாடி. கரைப்பக்கம் தண்ணி கறுத்துத் தெரிஞ்சுது. காத்து அங்கதான்னு நம்பிப் போனேன். போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் கறுப்பு கரைஞ்சே போச்சு. ஜெயிச்ச அந்தப் பொண்ணும் அதோட தம்பியும் கடல்பக்கமாப் போய் பொம்மை மாதிரி உக்காந்திருந்தாங்க. அந்தப் படகோட நீலப் பாயைப் பாத்திருப்பீங்க, தையல் விட்டு ரெண்டு இடத்துல ஒட்டுப் போட்டது.

முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துல ரெண்டு படகும் நெருங்கறோம். நான் ஸ்டார்போர்ட் (காத்து வலப்பக்கத்துல இருந்து), அவங்க போர்ட் (இடப்பக்கத்துல இருந்து), விதிப்படி வழி எனக்குத்தான். "ஸ்டார்போர்ட்!"னு கத்தினேன். அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கலை, என் மூக்குக்கு முன்னாடி கடந்து போயிடுச்சு. நான் சுக்கானை அசைக்க வேண்டிய தேவையே வரலை. அதனாலதான் நான் புரொடெஸ்ட் (விதியை மீறினாங்கன்னு புகார்) பண்ணலை, பெருந்தன்மையால இல்லை.

கரைக்கு வந்து, "ஏம்மா கடல்பக்கம் போனே?"ன்னு கேட்டேன். "வெளியில நங்கூரம் போட்டு ஒரு கப்பல் நின்னுச்சுல்ல அங்கிள், அதோட புகை சாய ஆரம்பிச்சுது"ன்னு சொல்லுச்சு. நான் முப்பது வருஷமா ஓட்டறேன். அந்தக் கப்பலை நானும் பாத்தேன். புகையைப் பாக்கலை. லாட்டரி வாங்கறவன் புகையைப் பாப்பானா அண்ணே?

சரி, அதிர்ஷ்டமே இல்லையான்னா, இருக்கு. ஒரு வீச்சு யார் தலைக்கு மேல வரும்னு யாருக்கும் தெரியாது. ஒத்துக்கறேன். பலத்த காத்துலயும் கயிறு அறுந்து தோக்கறோம், அப்ப மட்டும் யாரும் லாட்டரின்னு சொல்றதில்லை.

"சின்னப் பசங்க, எடை கம்மி, மெல்லிசு காத்துல அவங்களுக்குத்தான் லாபம்." இது நியாயமான பேச்சு மாதிரி இருக்கும். நான் எண்பத்தெட்டு, மச்சான் எண்பத்தஞ்சு. இந்த யானை ரெண்டும் ரெண்டாவது வந்திருக்கு. அண்ணனும் அவர் க்ரூவும் எங்களைவிட ஒல்லி, ஆறாவது. மேல பேசலை.

"2024 ஒலிம்பிக்ஸ்ல மார்செய்லயே காத்தில்லைன்னு ஃபார்ட்டி நைனர் (ஒரு வகைப் பாய்மரப் படகு) பதக்க ரேஸை மறுநாளைக்குத் தள்ளினாங்களே?" தள்ளினாங்க. அது ரேஸ் கமிட்டியோட வேலை. நம்ம கமிட்டியும் நாப்பது நிமிஷம் ஒத்திவைப்புக் கொடியை இறக்காமக் காத்திருந்துது. அப்புறம்தான் ஸ்டார்ட் கொடுத்துது, கெடு நேரத்துக்குள்ள படகுங்க முடிச்சுது. பிடிக்கலைன்னா அதை உங்க டிஸ்கார்டா (மொத்தக் கணக்குல சேக்காம விடுற மோசமான ரேஸ்) வெச்சுக்கோங்க, அதுக்குத்தானே அது இருக்கு.

இதுவரைக்கும் கூட நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். கமென்ட்ல ஒருத்தர், "பசங்க படகை ஆட்டி ஆட்டித்தானே வந்தாங்க"ன்னு எழுதி, கண்ணடிக்கிற பொம்மை போட்டிருக்கார். அண்ணன் அதுக்கு லைக்கும் போட்டிருக்கார். பாய்மரப் படகுப் போட்டி விதி 42 எனக்கும் தெரியும். படகு காத்தாலயும் தண்ணியாலயும்தான் ஓடணும், ஆட்டி ஓட்டினா தப்பு. டாக் பண்ணும்போது (படகோட முகத்தைக் காத்துக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்பும்போது) உடம்பைச் சாய்ச்சுத் திருப்பறது தப்பில்லை, அதையும் அதே விதிதான் சொல்லுது. ஆட்டினதைப் பாத்திருந்தா அங்கயே "புரொடெஸ்ட்"னு கத்தியிருக்கணும். கரைக்கு வந்து ஃபார்ம் கொடுத்திருக்கணும். ஒரு ஃபார்ம் கூட வரலை. அவங்களுக்குப் பக்கத்துல இருந்தது நான். நான் பாக்காததை நீங்க ஆறாவது இடத்துல இருந்து பாத்தீங்களா? பதினாறு வயசுப் பொண்ணைத் திருடின்னு சொல்றதுக்கு ஒரு பொம்மை போதுமா?

2021ல நேத்ரா குமணன் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை ஆனப்ப, "நம்ம சென்னைப் பொண்ணு"ன்னு ஸ்டேட்டஸ் வெச்சவங்கதான் இவங்க எல்லாரும். டோக்கியோவுக்குப் போனாப் பெருமை. பக்கத்துப் படகுல வந்து உங்களை ஜெயிச்சா லாட்டரி. இந்தப் பொண்ணோட அப்பா வேற யாராவதா இருந்திருந்தா "என்ன ஒரு டேலன்ட்!"னு எழுதியிருப்பீங்க. எழுதியிருக்கீங்க, ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னா, 1999ல வெளியூர் ரெகாட்டா (படகுப் போட்டி) ஒண்ணுல நானும் இப்படி ஒரு மந்தக் காத்துல ஜெயிச்சேன், முதல் தடவை. பரிசு கொடுக்கும்போது மைக்ல, "இன்னிக்கு காத்து இவரைத் தத்தெடுத்துக்கிச்சு"ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். படகு இறக்கித் தர்ற தாத்தா ஒருத்தர் இருந்தார். சின்ன வயசுல பாய் கட்டின கட்டுமரத்துல மீன் பிடிக்கப் போனவர். பீடியைப் பத்தவெச்சு, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். அன்னிக்கு அவர் ஒருத்தர்தான், "அந்த ரெண்டாவது சுத்துல ஏன்யா வெளியில போனே?"ன்னு கேட்டார். வேற யாரும் கேக்கலை.

நேத்து சாயங்காலம் படகு கழுவிக்கிட்டு இருந்தப்ப அந்தத் தம்பி வந்து நின்னான். "அங்கிள், அந்தப் போஸ்ட்ல லாட்டரின்னு சொன்னது எங்களையா?"ன்னு கேட்டான்.

"இல்லடா, காத்தைச் சொல்றாங்க"ன்னேன்.

அவன் நம்பின மாதிரி தெரியலை. மச்சான் குழாயை மூடிட்டு, அவனுக்கு டீ வாங்கித் தரக் கூட்டிட்டுப் போனார்.