கனமான பழைய துப்பாக்கியெல்லாம் 'பிஜன் கன்' ஆகிவிடாது

குழல் 30 அங்குலம், எடை கொஞ்சம் கூடுதல். இது போதும், ஏலக்காரர்கள் 'பிஜன் கன்', அதாவது புறா சுடும் போட்டிக்கான இரட்டைக்குழல் துப்பாக்கி, என்று எழுதி விலையை ஏற்றிவிடுகிறார்கள். இதை நம்பாதீர்கள். அந்த இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு உருவம் தந்தது போட்டி விதி.

லண்டன் ஃபுல்ஹாமில் 1869இல் தொடங்கிய ஹர்லிங்ஹாம் கிளப்பின் முதல் வேலையே புறா சுடுவதுதான். ஐந்து கஜ இடைவெளியில் புறா அடைத்த ஐந்து பெட்டிகள். எது திறக்கும் என்று சுடுபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் 25 முதல் 30 கஜம் தள்ளி நிற்க வேண்டும், கெட்டிக்காரர் என்றால் இன்னும் பின்னால். அடிபட்ட புறா வேலிக்குள் விழுந்தால்தான் கணக்கு. தாண்டிப் போய்ச் செத்தாலும் பூஜ்யம்.

அதனால் முதல் குண்டில் புறா தடுமாறினாலும் இரண்டாவதையும் உடனே போடுவார்கள். அதற்குள் அது தூரம் போயிருக்கும். ஆகவே இரண்டாம் குழலுக்கு முழு சோக், அதாவது வாய்ப்பக்கம் சுமார் 1 மி.மீ. குறுக்கம். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ஈயக் குண்டுகள் விழும். சோக் இல்லாத குழலில் 40 சதவீதம்தான். பர்மிங்காமின் துப்பாக்கி தயாரிப்பாளர் கிரீனர் 1870களின் நடுவில் இதைச் சோதனைகளில் நிரூபித்த பிறகு பழைய குழல்கள் எடுபடவில்லை.

ஒன்றேகால் அவுன்ஸ் ஈயம் உதைக்கும், அதனால் ஏழரை ராத்தல் எடை. அதே தோட்டாவுக்காக அது உட்காரும் அறை 65 மி.மீ.க்குப் பதில் 70 மி.மீ., பூட்டு தளராமலிருக்கக் கூடுதல் தாழ், பக்கக் கவ்விகள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பெரும்பாலும் கிடையாது. அதைத் தள்ள மறந்தால் பந்தயப் பணம் போச்சு!

1921இல் பிரிட்டன் இந்த விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. புறாக்களின் பக்கம் நின்று பார்த்தால் அது தாமதம்தான். ஆனால் அதன்பின் இந்தத் துப்பாக்கிகள் காட்டுப் பறவை வேட்டைக்குப் போயின. சோக்கைக் கடைந்து அகலமாக்கினார்கள், சேஃப்டியை ஒட்டவைத்தார்கள்.

வாங்குபவர் அளவுகோலோடு போங்கள். குழலின் உள்விட்டம், அது வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்து அடித்த முத்திரையில் உள்ளதைவிட 0.010 அங்குலம் கூடியிருந்தால் பழைய சோதனை முத்திரை செல்லாது. குழல் சுவரின் தடிமன் 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் தொடாதீர்கள். 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா சிரமமில்லாமல் உள்ளே போகும், ஏமாந்துவிடாதீர்கள். வெடிக்கும்போது தோட்டாவின் முனை மடிப்பு விரியக் குழலில் இடமிருக்காது, அழுத்தம் ஏறும். அறையைப் பிறகு நீட்டியிருந்தால் மறுசோதனை முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.