அன்னாசி: ஆங்கிலம் மட்டும் தனி இல்லை

அன்னாசிப் பழத்தின் பெயர் 'உலகம் முழுக்க அனனாஸ்தான், ஆங்கிலம் மட்டும் பைனாப்பிள்' என்று ஒரு படம் சொல்கிறது. அது தவறு. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'பீன்யா'. பிரேசிலில் 'அபகாஷி'. சீனத்தில் 'போலுவோ'. ஜப்பானியர் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

பைனாப்பிள் என்பது ஆங்கிலத்தில் முதலில் பைன் மரக் காய்க்குத்தான் பெயர். அதன் செதில் செதிலான தோலையும் அன்னாசித் தோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயர் ஏன் தாவியது என்று புரியும். 'பீன்யா'வும் அப்படியே.

'அன்னாசி' வடமொழி என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. தென் அமெரிக்கப் பழங்குடி மொழிச் சொல் அது. பழத்தோடு சேர்த்துப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. மலையாளிகள் வைத்த பெயரைக் கேளுங்கள்: 'கைதச்சக்க'. தாழை போன்ற இலை, பலா போன்ற பழம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.