பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

சனிக்கிழமை ராத்திரி அழகர்கோயில் ரோட்டுத் தோப்பில் நாங்கள் கூடியபோது, நான் கொண்டு போன ஒயினையும் சுருட்டையும் வைத்து நடந்த கேலியை மறுபடியும் சொல்லப் போவதில்லை. முகநூலில் போட்டோ வந்துவிட்டது, அதற்கு ஒரு தலைப்பும் வந்துவிட்டது, 118 பேர் சிரித்தும் ஆகிவிட்டது. ஆமாம், எண்ணினேன். 'செக்குக்காரர் ஒயின் கடை போட்ட கதை'. அந்தச் செக்குக்காரர் நான்தான். நல்ல தலைப்புதான். எனக்கே ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது.

கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. ஒயின் பாட்டில் வாங்கினால் முன்பக்கத்துப் படத்தோடு நின்றுவிடாதீர்கள், திருப்பிப் பாருங்கள். யார் விளைவித்தார், யார் பிழிந்தார், யார் அடைத்தார் என்பதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். துபாய் அண்ணனிடம் அன்றைக்கு நான் சொன்னதும் இதைத்தான். அதற்குத்தான் இத்தனை சிரிப்பு.

அண்ணன் கொண்டு வந்தது பிரான்ஸ் பாட்டில். முன்பக்கம் கோட்டை, கொடி, தங்க எழுத்து. விலையை அவரே மூன்று தடவை சொன்னார், நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? நான் கொண்டு போனது ஹம்பி மலைப்பக்கத்துச் சின்னத் தோட்டத்துச் சிவப்பு ஒயின், சாஞ்சியோவேசே என்ற திராட்சை ரகத்தில் செய்தது. அது மதுரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை, முகநூலில் எழுதுகிற கதை இல்லை. அண்ணன் என் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "என்ன தம்பி, சர்ச்சுல குடுக்குற ரசம் மாதிரி இருக்கு?" என்றார். சரி, கேலிதானே என்று விட்டேன். அப்புறம் அவருடைய பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த குற்றம்.

பிரெஞ்சு பாட்டிலில் 'மீஸான் பூத்தேய் ஓ தொமேன்' என்றோ 'ஓ ஷாத்தோ' என்றோ ஒரு வரி இருந்தால், விளைந்த இடத்திலேயே அடைத்தது என்று அர்த்தம். அண்ணன் பாட்டிலில் அந்த வரி இல்லை. ஒரு வியாபாரக் கம்பெனியின் பெயரும் தபால் எண்ணும் இருந்தன. அதாவது, பெரும்பாலும் பல இடத்தில் வாங்கி ஒன்றாக்கி, கோட்டைப் படம் ஒட்டியதாக இருக்கும். வியாபாரிகள் அடைப்பதில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைக்குக் கதவும் கிடையாது, தோட்டமும் கிடையாது. இதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

ஷாம்பெயினில் இது இன்னும் சுலபம். லேபிளின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு எழுத்து இருக்கும். ஆர்.எம். என்றால் தோட்டக்காரர் தன் திராட்சையில் தானே செய்தது. என்.எம். என்றால் திராட்சையை வெளியில் வாங்கிச் செய்யும் கம்பெனி. கல்யாண ரிசப்ஷனில் நுரை பொங்க உடைக்கிற பெரிய பெயர்கள் பெரும்பாலும் என்.எம்.தான். அதே காசுக்கு, சில சமயம் அதைவிடக் குறைவுக்கே, ஆர்.எம். கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை 'என்ன வாங்கிட்டு வரட்டும் மாமா' என்று கேட்டால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். நாசிக்கில் சுலா கம்பெனி தன் முதல் ஒயினைக் கொண்டு வந்தது 2000இல். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வரிசையாக ஒயினரிகள் முளைத்தன. சின்ன வீடு என்று எழுதினால் நீங்கள் வேறு அர்த்தம் எடுப்பீர்கள், அதனால் சின்ன ஒயினரி என்றே வைத்துக்கொள்வோம். யார்க் அப்படி ஒரு சின்ன ஒயினரி. 2021இல் சுலா அதை வாங்கிவிட்டது. அதனால் மட்டமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சின்னது என்று நினைத்துக் கையில் எடுத்தால், அது யாருடையது என்று திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். இகத்புரிப் பக்கம் வலோனே என்ற ஒயினரி இருக்கிறது. ஹம்பிப் பக்கம், கொப்பள் மாவட்டத்தில், கிருஷ்ண பிரசாத் சிகுருபதியும் உமாவும் போட்ட கிரஸ்மா இருக்கிறது. அன்றைக்கு 'ரசம்' ஆனது இந்தக் கிரஸ்மாதான். கம்பெனிக்காரன் காசு கொடுத்தானா என்று கேட்கப் போகிறவருக்கு: என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

'மேட்டுக்குடித்தனம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நான் அரசரடியில் மரச்செக்கு ஓட்டுகிறவன். என் சட்டையில் எள்ளுப் பிண்ணாக்கு வாசம் வரும். வருஷத்துக்கு நாலோ ஐந்தோ பாட்டில் வாங்குவேன், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் மூன்று பேராகத்தான் திறப்போம். வாராவாரம் பிராந்திக்கும் பிரியாணிக்கும் போகிற காசைக் கூட்டிப் பாருங்கள், யார் மேட்டுக்குடி என்று தெரியும். ஆங்கிலப் பெயர் வைத்த விஸ்கியைக் குடித்தால் அது மண்ணின் மைந்தன் குடிப்பது, திராட்சை ரசம் குடித்தால் மட்டும் துரைத்தனமா? ஒயினே நமக்கு ஆகாது என்கிறவர்கள் புறநானூற்றில் 56ஆம் பாட்டைப் படிக்கட்டும். யவனர் நல்ல கலத்தில் கொண்டு வந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, அதாவது மதுவைத் தினமும் பருகி இனிதே வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். வாழ்த்தியவர் மதுரைக்காரர், குடித்தவன் பாண்டியன். வைகை கடலில் சேருகிற அழகன்குளத்தில் யவனருடைய மதுச்சாடி ஓடுகள் தோண்டத் தோண்டக் கிடைத்தன. மண்ணுக்கு அடியில் கிடந்தால் தொல்லியல், என் கையில் இருந்தால் பந்தா.

சுருட்டு விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவில் எல்லோரும் வட்டம் போட்டுச் சிரித்தது அதைத்தானே.

அண்ணன் பிடித்தது கியூபா சுருட்டு. காகித மோதிரம் போட்டது. எத்தனை நாளாக அது அவருடைய கார் டேஷ்போர்டில் கிடந்ததோ! சித்திரை வெயிலில், மதுரையில், கண்ணாடி ஏற்றிய காருக்குள். அந்த மாதிரிச் சுருட்டை 65லிருந்து 70 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டும். அவர் நுனியை வெட்டியபோது மேலிலை அப்பளம் மாதிரி நொறுங்கி மடியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மோதிரம் போட்டிருந்ததே!

என்னுடையது திண்டுக்கல் சுருட்டு, காகிதத்தில் சுருட்டி நூல் கட்டிய கட்டு. இரண்டு முனையும் வெட்டியே வரும், கத்தரி வேண்டாம். 'செரூட்' என்ற ஆங்கில வார்த்தையே நம் 'சுருட்டு'தான். திருச்சி சுருட்டு என்று வெள்ளைக்காரன் தலையில் வைத்துக் கொண்டாடினானே, அதற்குப் புகையிலை போனது திண்டுக்கல் பக்கத்திலிருந்து. ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. இன்றைக்கும் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவும் இருக்க, அதைப் பார்த்து "என்னப்பா, சாமியாடி மாதிரி" என்று ஒரு குரல். ஆமாம், சாமி பிடிப்பதுதான். எங்கள் ஊர்க் கருப்பனுக்குச் சுருட்டும் சாராயமும்தான் படையல். எதற்கு எது சேரும் என்று கருப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த ஊர் நிபுணரும் வரவில்லை.

என் தாத்தாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் கொல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்காருவார். அப்பத்தா வெண்கலத் தம்ளரில் கருப்பட்டிக் காபி கொண்டு வந்து வைப்பார். தாத்தா சுருட்டை உடனே வாயில் வைக்க மாட்டார். தீக்குச்சிக்கு மேலே தள்ளிப் பிடித்து மெதுவாக உருட்டுவார், முனை முழுக்க ஒரே மாதிரி சிவக்கும் வரை. முதல் புகையை வெளியே விட்டுவிட்டு, காபியில் ஒரு மடக்கு. அப்புறம் ஒரு இழுப்பு, மறுபடி ஒரு மடக்கு. சாம்பல் விரல் நீளத்துக்கு விழாமல் நிற்கும். "சீனிக் காபின்னா சுருட்டு கசக்கும்டா, கருப்பட்டிதான் புகையைத் தாங்கும்" என்பார். ஒன்பது வயதில் கேட்டது. முப்பது வருஷம் கழித்து, சுருட்டோடு போர்ட் ஒயினை ஏன் வைக்கிறார்கள் என்று படித்தபோது, இதைத்தானே தாத்தா சொன்னார் என்று தோன்றியது.

விஷயம் ஒன்றுதான். துவர்ப்பான சிவப்பு ஒயின் நாக்கை வறள வைக்கும், சுருட்டுப் புகையும் வறள வைக்கும். இரண்டும் சேர்ந்தால் பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி ஆகிவிடும். போர்ட் ஒயினில், நொதித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதனால் பழத்தின் இனிப்பு அப்படியே தங்கும், ஆல்கஹாலும் 20 சதவீதம் வரை இருக்கும். அந்த இனிப்பும் கனமும்தான் புகைக்கு ஈடு கொடுக்கும். பீப்பாயில் பல வருஷம் கிடந்த டானி போர்ட் என்றால் வறுத்த கொட்டை வாசமும் சேரும். நான் சொல்வது போர்த்துக்கலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்வதை. கோவாவிலிருந்து பனியனுக்குள் சுற்றிக் கொண்டு வருவீர்களே, அந்தப் பெயரில் ஒரு சர்க்கரைத் தண்ணீர், அதை இல்லை.

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் ஜோடி சேரவில்லை. திண்டுக்கல் சுருட்டின் காரத்துக்கு முன்னால் அந்த சாஞ்சியோவேசே நிற்கவில்லை. முதலில் ஒயினை முடித்துவிட்டு அப்புறம் சுருட்டைப் பற்ற வைத்திருக்க வேண்டும், அவசரப்பட்டேன். ஆனால் சிரித்தவர்களில் ஒருவராவது அதற்காகச் சிரித்தாரா? குடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். அண்ணன் என் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்றிக்கொள்ளவில்லை. தன் பாட்டிலைத் தோப்பு வெக்கையில் வைத்திருந்து, கடைசியில் ஐஸ் போட்டு, அதில் சோடாவும் ஊற்றினார். அறை வெப்பத்தில் குடிக்க வேண்டுமாம். அது 16, 18 டிகிரி இருக்கும் ஐரோப்பாக்காரன் அறை அண்ணே. நம்ம ஊர் அறையில் சோறு ஊசிப்போகும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் போதும்.

'புகை உடம்புக்குக் கேடு'. ஆமாம், கேடுதான். உள்ளே இழுக்காவிட்டாலும் கேடு. மறுக்கவில்லை.

'டாஸ்மாக்கால் தாலி அறுந்த ஊரில் நின்றுகொண்டு ஒயின் பெருமை பேசுகிறாயே' என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். என் சித்தப்பா 44 வயதில் குடித்தே போனார் அக்கா. சித்தி இட்லிக்கடை போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் குடியுங்கள் என்று நான் எழுதவில்லை, குடிக்கிறவன் என்ன குடிக்கிறோம் என்று பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அது பதில் ஆகாது என்பதும் தெரியும். 2003இலிருந்து சில்லறை மதுக்கடையும் அரசாங்கத்துடையதுதான். கடைக்காரர் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், சின்னத் தோட்டக்காரனுக்கு அலமாரியில் எங்கே இடம்?

கம்பம் பள்ளத்தாக்கைத்தான் பாருங்களேன். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தாயிற்று. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் முழுக்கத் தெரிந்த ரகம். போன வருஷம் சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பெய்து, பந்தலில் தொங்கிய பழமெல்லாம் வெடித்திருந்தது. ஈ மொய்க்கிறது. வியாபாரி ஒரு குலையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். தோட்டக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க வேணா ரெண்டு கிலோ எடுத்துட்டுப் போங்கண்ணே, பிள்ளைங்க சாப்பிடும்" என்றார். காசு வாங்கவில்லை. அந்த மாதிரி ஒரு ஆள், தன் பெயரைப் பின்பக்கத்தில் போட்டு ஒரு பாட்டில் செய்தால், அதையும் சர்ச் ரசம் என்றுதான் சொல்வீர்கள், இல்லையா?

118 பேரில் 117 பேர் சிரித்ததை விட்டுவிடலாம். ஒருவன் என்னோடு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தோப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாருக்கு மாப்ள, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தவன். காலையில் எழுந்து அந்தப் போட்டோவுக்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருக்கிறான். ஒன்று போதாதா பங்காளி?

துபாய் அண்ணனை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். மாசம் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் என்னிடம்தான் வாங்குகிறார், வீட்டில் அண்ணிக்கு வேறு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "லேபிள்கூட இல்ல, இதுக்கா தம்பி இந்த வெல?" என்பார். நானும் சிரித்துக்கொண்டே இருபது ரூபாய் குறைப்பேன். எள் எந்த ஊர், எந்த நாள் ஆட்டியது, எவ்வளவு கருப்பட்டி போட்டது என்று பின்பக்கம் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். அவர் இதுவரை திருப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை வருவார். இரண்டு லிட்டர் எடுத்து வைத்துவிட்டேன், பில்லும் போட்டாயிற்று. இந்த மாசம் இருபது ரூபாய் குறைக்கவில்லை.