வெள்ளியங்கிரி: இறக்கத்துக்கு முழங்கால் மிச்சம் வேணுங்க

பங்குனி, சித்திரைன்னா கோயமுத்தூர் பக்கத்துல ஏழு மலை ஏறி வெள்ளியங்கிரி சிவனைக் கும்பிட, திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து வேன் வேனா பூண்டி அடிவாரத்துக்கு வந்துடறாங்க. உச்சிக்கு எத்தனை மணிக்குப் போறது, சூரியன் உதிக்கறத எங்க நின்னு பார்க்கறதுன்னு எல்லாம் பேசி வச்சிருப்பாங்க. அடிவாரத்துக்குத் திரும்பறது எப்பன்னு கேட்டா முழிப்பாங்க. கோளாறே அங்கதானுங்க.

போக சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனா முதல் மலையே செங்குத்துக் கல்படி, ஒண்ணு முழங்கால் உயரம், ஒண்ணு சாண் உயரம். அங்க வேகம் காட்டினவன் மூணாவது மலையில உக்காந்துருவான். பேசிட்டே ஏற முடியற வேகம் போதும். ஆறாவது மலை ஆண்டி சுனைக்கு இறங்கும். சந்தோஷப்படாதீங்க, ஏழாவதைப் பார்த்துட்டுத் திரும்பறப்போ அதுவே ஏத்தம்.

இறங்கறப்போ ஒவ்வொரு படிக்கும் முன்தொடைதான் பிரேக் பிடிக்குது. அது சோர்ந்துட்டா அடி நேரா முழங்காலுக்கு. அதனால 6 வாரத்துக்கு முந்தியே, வாரம் 2 நாள், 4 கிலோ பையோட மருதமலைப் படியில ஏறி மெதுவா நடந்தே இறங்குங்க. ஏறிட்டு பஸ்ல கீழ வந்தா அது சாமி கும்பிட்ட கணக்குதான், பயிற்சி ஆகாது.

மூங்கில் தடி நெஞ்சு உயரம் இருக்கட்டும், குட்டைத் தடி கீழ்ப்படிக்கு எட்டாது. தடியை ஊணிட்டு அப்புறம் காலை வைங்க. ஷூ போட்டா இறங்கறதுக்கு முந்தி கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்க, இல்லைன்னா பெருவிரல் நகம் கறுத்துரும்.

கோடை முத்தினா சுனை மெலிஞ்சுரும், 2 லிட்டர் தண்ணி கையில வேணும். அதுல 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலக்குங்க. உப்பு கூடிரக் கூடாது. அரிசியும்பருப்புச் சோத்துல நெய் ஊத்தி ஒரு கட்டு கட்டறதெல்லாம் வீடு வந்த பொறவு.

நேரத்தைப் பின்னாடி இருந்து போடுங்க. வெயில் ஏறுமுன்ன 10 மணிக்கு அடிவாரம்னா, இறக்கத்துக்கு 4 மணி நேரம், அப்போ 6 மணிக்கெல்லாம் உச்சியை விட்டுக் கிளம்பணும். ராத்திரி 8 மணிக்கே ஏற ஆரம்பிச்சுட்டா விடியறவரைக்கும் ஏழாவது மலைக் காத்துல வேர்வைச் சட்டையோட நடுங்கணும். மாத்துச் சட்டை ஒண்ணு பையில கிடக்கட்டும்.

நெஞ்சு அடைச்சாலோ, இடது கை வலிச்சாலோ, தலை சுத்தினாலோ, எந்த மலையா இருந்தாலும் அங்கயே உக்காந்து ஆள் கூப்பிடுங்க. இருதயக் கோளாறு இருக்கறவங்க டாக்டர் சொல்லாம கிளம்பவே வேண்டாம். நாலாவது மலையோட திரும்பினா சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க. கூட வந்த மாப்பிள்ளைங்கதான் ஒரு வாரம் கிண்டல் பண்ணுவாங்க.